மீண்டும் மீண்டும் வரும் யோனிப் பூஞ்சைத் தொற்று: ஆய்வகச் சோதனையும் மருந்து எதிர்ப்பும்

பிறப்புறுப்பில் தாங்க இயலாத அரிப்பு, கட்டித் தயிர் போன்ற வெள்ளைப்படுதல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். மருந்துக்கடையில் சொல்லி ஒரு மாத்திரை வாங்கி விழுங்கியதும் சில நாட்களில் துன்பம் குறைகிறது. அடுத்த மாதவிடாய்க்கு முன்னர் அதே அரிப்பு திரும்புகிறது. அதே மாத்திரை மீண்டும் வாங்கப்படுகிறது. மூன்றாம் முறையோ நான்காம் முறையோ அம்மாத்திரை பலன் தருவதில்லை. அப்போது பலரும் வேறு பெயருள்ள மாத்திரையை வாங்கிப் பார்க்கின்றனர். வெட்கத்தினால் யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்வோரும் உண்டு.

இந்நிலையில் முதலில் அறிய வேண்டியவை மூன்று. இது உண்மையாகவே பூஞ்சைத் தொற்றுதானா? ஆம் எனில், எந்த வகைப் பூஞ்சை? அப்பூஞ்சை எந்த மருந்துக்குக் கட்டுப்படும்? இம்மூன்றுக்கும் ஆய்வகச் சோதனையே விடை தர வல்லது. அச்சோதனைகள் எவ்வாறு நடைபெறுகின்றன, மருந்து எதிர்ப்பு எவ்வாறு உருவாகிறது, சோதனை அறிக்கையை எவ்வாறு புரிந்துகொள்வது ஆகியவற்றை நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் அறியும் வகையில் இப்பக்கம் விளக்குகிறது.

யோனிப் பூஞ்சைத் தொற்று என்றால் என்ன?

கேண்டிடா எனப்படும் ஈஸ்ட் வகைப் பூஞ்சைகள் நமது வாய், குடல், தோல், யோனி ஆகிய இடங்களில் இயல்பாகவே சிறிதளவு வாழ்கின்றன. யோனியில் உள்ள நன்மை தரும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்களும் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலும் அவற்றைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. இச்சமநிலை குலையும்போது பூஞ்சை பெருகி, யோனிச் சுவரில் அழற்சியை உண்டாக்குகிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை உட்கொள்ளுதல், கட்டுப்படாத நீரிழிவு, கர்ப்பம், ஸ்டீராய்டு மருந்துகள், எச்.ஐ.வி. தொற்று போன்ற நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் நிலைகள் ஆகியவை இதற்கு வழிவகுக்கும்.

ஏறத்தாழ நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் இத்தொற்று ஏற்படுகிறது. பெரும்பாலானோருக்கு எளிய சிகிச்சையிலேயே முற்றிலும் குணமாகிவிடும். ஓராண்டுக்குள் மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தால் அது ‘திரும்ப வரும் தொற்று’ எனப்படும். சில வழிகாட்டுதல்கள் நான்கு முறை என வரையறுக்கின்றன. உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13.8 கோடிப் பெண்கள் திரும்ப வரும் தொற்றினால் துன்புறுகின்றனர் என 2018ஆம் ஆண்டு வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

இது உடற்சூட்டினாலோ தூய்மைக் குறைவினாலோ ஒழுக்கக் குறைவினாலோ வருவதன்று. பால்வினை நோய்களின் பட்டியலிலும் இது சேர்வதில்லை. உடலுறவே கொள்ளாத பெண்களுக்கும் வரலாம். எனவே இதனை மருத்துவரிடம் சொல்வதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

அறிகுறிகளை வைத்து மட்டும் முடிவு செய்ய இயலுமா?

இயலாது. அரிப்பும் வெள்ளைப்படுதலும் வேறு பல நோய்களிலும் தோன்றும். பாக்டீரியாக்களின் சமநிலை குலைவதால் வரும் பாக்டீரிய யோனி நோயில், மீன்வாடையுடன் கூடிய சாம்பல் நிறக் கசிவு காணப்படும். டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணியால் வரும் தொற்றில் நுரைத்த, மஞ்சள் அல்லது பச்சை நிறக் கசிவு ஏற்படலாம். சோப்பு, நறுமணப் பொருட்கள், விடாய்க்கால அணையாடை ஆகியவற்றால் உண்டாகும் ஒவ்வாமை, மாதவிடாய் நின்றபின் ஏற்படும் யோனி வறட்சி, லைக்கன் வகைத் தோல் நோய்கள் ஆகியவையும் அரிப்பைத் தரும். இவற்றுள் எதற்கும் பூஞ்சை மாத்திரை பயன்படாது.

தமக்குப் பூஞ்சைத் தொற்று எனத் தாமே முடிவு செய்து மருந்து வாங்கிய 95 பெண்களை அமெரிக்காவில் சோதித்தனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மட்டுமே உண்மையில் அத்தொற்று இருந்தது என்று 2002இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. முன்னர் ஒரு முறை இத்தொற்று வந்திருப்பதனால் மட்டும் அடுத்த முறை வருவதும் அதுவே என உறுதி கூற இயலாது.

அப்படியாயின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனை ஏதுமின்றி மருந்து தருவது ஏன் என்ற வினா எழலாம். ஆய்வக வசதி இல்லாத இடங்களிலும் சிகிச்சை தாமதமாகக் கூடாது என்பதற்காக, அறிகுறிகளின் அடிப்படையில் மருந்து வழங்கும் முறை இந்தியாவில் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வண்ணக் குறியீட்டுடன் வகுத்த மருந்துப் பொதிகளுள், வெள்ளைப்படுதலுக்கான பச்சை நிறப் பொதியில் செக்னிடசோல் 2 கிராமும் ஃப்ளூகோனசோல் 150 மி.கி.யும் இடம்பெற்றன. முதல் முறை வரும் தொற்றுக்கு இம்முறை பெரும்பாலும் போதுமானது. இப்பொதிக்குக் குணமாகாத தொற்றுக்கும், திரும்பத் திரும்ப வரும் தொற்றுக்கும் அதே பொதியை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவது தீர்வாகாது. அந்நிலையில் மாதிரி எடுத்துச் சோதிப்பதே முறை.

யாருக்குச் சோதனை அவசியம்?

• ஓராண்டுக்குள் மூன்று முறைக்குக் குறையாமல் தொற்று வந்தவர்கள்
• முறையாக மருந்து உட்கொண்டும் ஒரு வாரம் முதல் இரண்டு வாரங்களுக்குள் குணமாகாதவர்கள்
• கடுமையான வீக்கம், சிவப்பு, தோல் வெடிப்பு உள்ளவர்கள்
• கர்ப்பிணிகள்
• நீரிழிவு நோயாளிகள், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர்
• பூப்பெய்தாத சிறுமியர், மாதவிடாய் நின்ற பெண்கள்

கடைசியாகக் கூறிய இரு பருவத்தினருக்கும் பூஞ்சைத் தொற்று பொதுவாக அரிது. சிறுமியரிடம் இவ்வறிகுறிகள் தோன்றினால் வேறு காரணம் உள்ளதா என மருத்துவர் பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரத்தம் கலந்த கசிவோ துர்நாற்றம் மிக்க கசிவோ இருந்தால், கருப்பை வாய்ப் புற்றுநோய் உள்ளதா என்பதையும் சோதித்தறிய வேண்டும். இத்தகையோர் பூஞ்சை மருந்தை வாங்கி நாட்களைக் கடத்துவது ஆபத்தாக முடியலாம்.

சோதனைக்குச் செல்லும் முன்

பூஞ்சை மருந்தைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது மாதிரி எடுத்தால், தொற்று இருந்தும் சோதனையில் தெரியாமல் போகலாம். ஆகவே கடைசியாக எந்த மருந்தை எந்த நாளில் பயன்படுத்தினீர்கள் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் கூறுங்கள். மருந்து அட்டைகளை எறிந்துவிடாமல் எடுத்துச் செல்லுங்கள். மாதிரி எடுப்பதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் உடலுறவையும், யோனிக்குள் களிம்போ மாத்திரையோ வைப்பதையும் தவிர்ப்பது நல்லது. யோனிக்குள் நீர் பாய்ச்சிக் கழுவுவதை எப்போதுமே தவிர்க்க வேண்டும். மாதவிடாய் நாட்களில் இரத்தம் கலப்பதால் முடிவு குழம்பக்கூடும். அவசரமில்லையெனில் சில நாட்கள் கழித்துச் செல்லலாம்.

மாதிரி எவ்வாறு எடுக்கப்படுகிறது?

வழக்கமாக ஸ்பெகுலம் என்னும் கருவியால் யோனியை மெல்ல விரித்து, பஞ்சு சுற்றிய மலட்டுக் குச்சியால் பக்கச் சுவரிலிருந்து கசிவைத் துடைத்து எடுப்பர். இதற்கு ஓரிரு நிமிடங்களே ஆகும். அழற்சி இருக்கும்போது சற்று எரிச்சல் தோன்றலாம்.

மணமாகாத பெண்களும் அவர்தம் பெற்றோரும் இக்கருவியை எண்ணி அஞ்சிச் சோதனையையே தவிர்ப்பதுண்டு. பூஞ்சையைக் கண்டறிவதற்கு இக்கருவி கட்டாயமன்று. மெல்லிய பஞ்சுக்குச்சியைச் சிறிதளவு உள்ளே செலுத்தி எடுக்கும் மாதிரியே போதும். செவிலியர் சொல்லித்தரும் முறைப்படி நோயாளி தாமே எடுத்துத் தருவதற்கும் வாய்ப்புண்டு. பெண் மருத்துவரோ செவிலியரோ உடனிருக்க வேண்டும் எனக் கேட்பது உங்கள் உரிமை. உங்கள் ஒப்புதல் இன்றி யாரும் மாதிரி எடுக்கக் கூடாது.

ஆய்வகத்தில் நடைபெறும் சோதனைகள்

*அமிலத்தன்மைச் சோதனை.* கசிவைச் சோதனைத் தாளில் தொட்டு அதன் அமிலத்தன்மை அளக்கப்படுகிறது. யோனியின் இயல்பான பி.எச். அளவு 4 முதல் 4.5 வரை. பூஞ்சைத் தொற்றில் இவ்வளவு பெரும்பாலும் மாறுவதில்லை. பாக்டீரிய யோனி நோயிலும் டிரைக்கோமோனாஸ் தொற்றிலும் இது 4.5க்கு மேல் உயரும். நோய்களைப் பிரித்தறிய இது முதற்படி.

*நுண்ணோக்கிச் சோதனை.* கசிவின் ஒரு துளியை உப்புநீரிலும், மற்றொரு துளியை 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலிலும் கலந்து நுண்ணோக்கியில் பார்ப்பர். இக்கரைசல் உடலின் செல்களைக் கரைத்துவிடுவதால், பூஞ்சையின் மொட்டுகளும் இழைகளும் தெளிவாகத் தென்படும். சில நிமிடங்களிலேயே முடிவு கிடைக்கும். ஆயினும் தொற்று உள்ள பலரிடம் இச்சோதனையில் எதுவும் தென்படாமல் போவதுண்டு. குறிப்பாக, கேண்டிடா கிளாப்ரேட்டா என்னும் வகை இழைகளை உண்டாக்குவதில்லை. சிறு உருண்டைகளாக மட்டும் இருப்பதால் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத வகையும் இதுவே என்பதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

*வளர்ப்புச் சோதனை.* மருத்துவமனைகளில் ‘கல்ச்சர்’ என்று கூறப்படுவது இதுவே. மாதிரியைச் சபூரோ ஊடகம் எனப்படும் சத்துக்கூழில் தடவி, வெப்பக் காப்பறையில் வைப்பர். ஒரு நாள் முதல் இரண்டு நாட்களுக்குள் பெரும்பாலான கேண்டிடா வகைகள் வெண்ணிறத் திட்டுகளாக வளரும். வகையைக் கண்டறிவதற்கும் மருந்துச் சோதனைக்கும் மேலும் சில நாட்கள் தேவைப்படும். நுண்ணோக்கியில் எதுவும் தெரியாமல் அறிகுறிகள் மட்டும் தொடர்பவர்களுக்கும், திரும்ப வரும் தொற்று உள்ளவர்களுக்கும் இச்சோதனை இன்றியமையாதது.

*வகையறிதல்.* வளர்ந்த பூஞ்சையை மனித இரத்தத்தின் தெளிநீரில் இட்டு 37 பாகை செல்சியசில் இரண்டு முதல் மூன்று மணி நேரம் வைத்தால், கேண்டிடா அல்பிகான்ஸ் வகையில் முளைக்குழாய் போன்ற நீட்சி தோன்றும். நிறங்காட்டும் ஊடகத்தில் வளர்த்தால் அல்பிகான்ஸ் பச்சையாகவும், டிராபிகாலிஸ் நீலமாகவும், க்ரூசி சொரசொரப்பான இளஞ்சிவப்பாகவும் தோன்றும். பெரிய மருத்துவமனைகளின் நுண்ணுயிரியல் துறைகளில், புரதங்களின் எடைவரிசையைக் கொண்டு சில நிமிடங்களில் வகையைக் காட்டும் மால்டி-டாஃப் கருவியும், மரபணுவைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனையும் பயன்படுகின்றன. பி.சி.ஆர். சோதனை விரைவானது, ஆனால் பூஞ்சையை வளர்த்தாலன்றி மருந்துணர்திறனை முழுமையாகச் சோதிக்க இயலாது.

வகையை அறிவது ஏன் முக்கியம்? யோனித் தொற்றுகளுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான அல்பிகான்ஸ் வகை, ஃப்ளூகோனசோலுக்குப் பொதுவாகக் கட்டுப்படும். கிளாப்ரேட்டா குறைவாகவே கட்டுப்படும். க்ரூசி இயற்கையிலேயே ஃப்ளூகோனசோலுக்குக் கட்டுப்படாதது. எனவே க்ரூசி என அறிக்கை வந்தால், அம்மருந்தை எத்தனை முறை உட்கொண்டாலும் பயனில்லை என்பது உடனே தெளிவாகிவிடும்.

மருந்துணர்திறன் சோதனை

வளர்ந்த பூஞ்சையைப் பல்வேறு செறிவுள்ள மருந்துக் கரைசல்களில் இட்டு, அதன் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு எது எனக் காண்பர். இது எம்.ஐ.சி. எனப்படும், ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் எனக் குறிக்கப்படும். சில ஆய்வகங்கள் பூஞ்சை பரப்பிய தட்டில் மருந்து வில்லைகளை வைத்து, அவற்றைச் சுற்றிப் பூஞ்சை வளராத வட்டத்தை அளக்கின்றன. தானியங்கிக் கருவிகளும் உள்ளன.

அமெரிக்காவின் ஆய்வகத் தர நிறுவனமான சி.எல்.எஸ்.ஐ. வகுத்த அளவுகோலின்படி, அல்பிகான்ஸ் வகைக்கு ஃப்ளூகோனசோலின் எம்.ஐ.சி. 2 அல்லது அதற்குக் குறைவாயின் அது மருந்துக்குக் கட்டுப்படும். 4 எனில் அளவைக் கூட்டினால் கட்டுப்படலாம். 8 அல்லது அதற்கு மேலாயின் எதிர்ப்புத்திறன் உடையது. கிளாப்ரேட்டாவுக்கு இவ்வெல்லைகள் வேறு. 64 அல்லது அதற்கு மேல் என்பதே எதிர்ப்பு நிலை. ஆகவே வகையின் பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் ஒப்பிடக் கூடாது.

இச்சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. ஆய்வகத்தில் பி.எச். 7 என்னும் நடுநிலையில் இது நடத்தப்படுகிறது. யோனியோ அமிலத்தன்மை உடையது. அமிலச் சூழலில், குறிப்பாகக் கிளாப்ரேட்டாவின் மீது, இம்மருந்துகளின் ஆற்றல் குறைகிறது எனச் சோதனைகள் காட்டியுள்ளன. ‘கட்டுப்படும்’ என அறிக்கை கூறியும் ஒருவருக்குக் குணமாகாமற்போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அறிக்கையையும் நோயாளியின் நிலையையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவெடுப்பார்.

மருந்து எதிர்ப்பு எவ்வாறு உருவாகிறது?

பூஞ்சையின் செல் உறைக்கு எர்கோஸ்டீரால் என்னும் கொழுப்புப் பொருள் இன்றியமையாதது. ஃப்ளூகோனசோல், க்ளோட்ரிமசோல், இட்ராகோனசோல் முதலிய ‘அசோல்’ மருந்துகள், அப்பொருளை உருவாக்கும் நொதியைத் தடுத்துப் பூஞ்சையின் வளர்ச்சியை நிறுத்துகின்றன. பெரும்பாலும் அவை பூஞ்சையைக் கொல்வதில்லை, அடக்கி வைக்கின்றன. எஞ்சியதை உடலின் எதிர்ப்பாற்றல் அகற்ற வேண்டும்.

மருந்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்படும்போது, அதைத் தாங்கும் பூஞ்சைகள் மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. சிலவற்றில் அந்நொதியின் அமைப்பு மாறிவிடுவதால் மருந்து அதனுடன் பொருந்துவதில்லை. சில, நொதியை மிகுதியாக உண்டாக்கி மருந்தை ஈடுசெய்கின்றன. வேறு சில, செல்லுக்குள் நுழைந்த மருந்தை வெளியே தள்ளும் புரதங்களைப் பெருக்கிக்கொள்கின்றன. அசோல் மருந்துகள் அனைத்தும் ஒரே நொதியைத் தாக்குவதால், ஒன்றுக்கு எதிர்ப்புப் பெற்ற பூஞ்சை மற்றவற்றுக்கும் கட்டுப்படாமற்போகலாம். மாத்திரையின் பெயரை மாற்றிப் பார்ப்பது பலருக்குப் பலனளிக்காததன் காரணம் இதுவே.

உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில், மனிதருக்கு அச்சுறுத்தலாக விளங்கும் 19 பூஞ்சைகளின் முன்னுரிமைப் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டது. அதில் கேண்டிடா அல்பிகான்ஸ் மிகவும் முதன்மையான பிரிவிலும், கிளாப்ரேட்டா, டிராபிகாலிஸ், பாராப்சிலோசிஸ் ஆகியவை அடுத்த பிரிவிலும், க்ரூசி மூன்றாம் பிரிவிலும் இடம்பெற்றுள்ளன. பூஞ்சைகளுக்கு எதிரான மருந்து வகைகள் மிகச் சில. கையில் உள்ளவற்றைத் தேவையின்றிச் செலவழித்தால் மாற்று எளிதில் கிட்டாது.

ஃப்ளூகோனசோலுடன் அசித்ரோமைசினும் செக்னிடசோலும் சேர்ந்த மாத்திரைத் தொகுப்பு நம் நாட்டில் விற்கப்படுகிறது. ‘எதுவாயினும் கேட்கும்’ என்று எண்ணி இதனைத் தாமே வாங்கி உட்கொண்டால், தேவையற்ற நுண்ணுயிர்க்கொல்லி நன்மை தரும் பாக்டீரியாக்களை அழிக்கக்கூடும்; அதனால் பூஞ்சை மேலும் பெருகவும் இடமுண்டு. ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் அரிப்பை உடனே தணித்தாலும், தொற்றை மறைத்து வளரவிடும்.

குணமாகாத எல்லாமே மருந்து எதிர்ப்பா?

இல்லை. எதிர்ப்புத்திறன் என முடிவு செய்யும் முன் வேறு காரணங்களையும் பார்க்க வேண்டும். நோய் பூஞ்சைத் தொற்றாக இல்லாமலிருக்கலாம். யோனிக்குள் வைக்கும் மாத்திரைகளை அரிப்பு நின்றதும் பாதியில் நிறுத்தியிருக்கலாம். இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாமலிருக்கலாம். இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அடிக்கடி பூஞ்சைத் தொற்று வருவதே சிலருக்கு நீரிழிவின் முதல் அறிகுறியாக அமைகிறது.

நீரிழிவுக்குத் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால், பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. இதற்காக அம்மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

திரும்ப வரும் அல்பிகான்ஸ் தொற்றுக்கு, முதலில் ஃப்ளூகோனசோல் 150 மி.கி.யை மூன்று நாட்களுக்கு ஒரு முறையாக மூன்று வேளையும், பின்னர் வாரத்துக்கு ஒன்றாக ஆறு மாதங்களும் தருவது வழக்கம். 2004இல் வெளியான ஆய்வில், இவ்வாறு மருந்து உட்கொண்ட பெண்களுள் ஏறத்தாழ 91 விழுக்காட்டினர் ஆறு மாத முடிவில் நோயின்றி இருந்தனர். மருந்தை நிறுத்தி மேலும் ஆறு மாதங்கள் கழிந்தபோது அவ்வாறு இருந்தோர் ஏறத்தாழ 43 விழுக்காட்டினரே. அதாவது, நிறுத்தியபின் திரும்ப வருவது பலருக்கும் நேர்வது. அதனை மட்டும் கொண்டு எதிர்ப்புத்திறன் எனக் கருத இயலாது. மருந்து உட்கொண்டுவரும் காலத்திலேயே தொற்று தலைகாட்டினால்தான் எதிர்ப்புத்திறனை ஐயுற வேண்டும்.

அறிக்கையைப் படிக்கும் முறை

அறிக்கையில் மூன்று செய்திகளைத் தேடுங்கள்: பூஞ்சையின் பெயர், மருந்துகளின் பட்டியல், ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே உள்ள ஆங்கில எழுத்து. ‘எஸ்’ என்றால் கட்டுப்படும், ‘ஆர்’ என்றால் கட்டுப்படாது, ‘எஸ்.டி.டி.’ என்றால் அளவைக் கூட்டினால் கட்டுப்படலாம். சில பூஞ்சைகளுக்கு அண்மைக் காலத்தில் புதிய அறிவியல் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. கிளாப்ரேட்டாவை ‘நாகசியோமைசஸ் கிளாப்ரேட்டஸ்’ என்றும், க்ரூசியைப் ‘பிச்சியா குட்ரியாவ்செவி’ என்றும் அறிக்கை குறிக்கலாம். புதிய நோய் வந்துவிட்டதோ என அஞ்ச வேண்டியதில்லை.

எந்த அறிகுறியும் இல்லாத பெண்களுள் 10 முதல் 20 விழுக்காட்டினரின் யோனியிலும் கேண்டிடா காணப்படுகிறது. ஆகவே அறிகுறி ஏதுமின்றி, அறிக்கையில் பூஞ்சை வளர்ந்திருப்பது கண்டு சிகிச்சை பெறத் தேவையில்லை.

எதிர்ப்பு உறுதியானால் சிகிச்சை உண்டா?

உண்டு. மருந்தின் வகையும் காலமும் மாறும். யோனிக்குள் வைக்கும் சில அசோல் மருந்துகள் அவ்விடத்தில் மிகுந்த செறிவில் இருப்பதால், நீண்ட நாட்கள் பயன்படுத்தும்போது சிலருக்குப் பலன் தருகின்றன. வேறு வகையில் செயற்படும் நிஸ்டாட்டின் மருந்தும் உண்டு. கிளாப்ரேட்டா போன்ற வகைகளுக்கு, 600 மி.கி. போரிக் அமிலம் அடங்கிய கேப்சூலை நாள்தோறும் ஒன்றாக மூன்று வாரம் யோனிக்குள் வைக்க மருத்துவர் பரிந்துரைக்கலாம். ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கு இது பலனளிக்கிறது.

எச்சரிக்கை: போரிக் அமிலத்தை விழுங்கினால் அது நஞ்சாகும். குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். கர்ப்பிணிகள் பயன்படுத்தவே கூடாது. கேரம் பலகையில் தூவுவதற்காக விற்கப்படும் போரிக் தூளை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

இப்ரெக்ஸாஃபங்கெர்ப் (2021), ஒட்டெசெகோனசோல் (2022) என்னும் இரு புதிய மருந்துகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்துள்ளது. இரண்டும் கருவுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும். மருத்துவரின் கண்காணிப்பின்றி இணைய வழியில் வாங்கிப் பயன்படுத்த வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்கு

கர்ப்ப காலத்தில் யோனிக்குள் வைக்கும் அசோல் மருந்துகளே ஏழு நாட்கள் தரப்படும். ஃப்ளூகோனசோல் மாத்திரைக்கும் கருச்சிதைவுக்கும் தொடர்பிருக்கலாம் என ஆய்வுகள் சுட்டுவதால், அதனைத் தாமாக உட்கொள்ளக் கூடாது. கர்ப்பமாக இருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் கூறுங்கள்.

பராமரிப்போர் கவனத்திற்கு

• முதியோருக்கும் படுக்கையில் இருப்போருக்கும் பிறப்புறுப்பைச் சுற்றிய தோலை வெறும் நீரால் கழுவி, ஈரம் போக ஒற்றி எடுங்கள். நனைந்த உள்ளாடையையும் அணையாடையையும் உடனே மாற்றுங்கள்.
• படிகாரம், எலுமிச்சைச் சாறு, பூண்டு, கிருமிநாசினிக் கரைசல் ஆகியவற்றை யோனிக்குள் செலுத்தக் கூடாது. அவை புண்ணை உண்டாக்கும்.
• ஃப்ளூகோனசோல் வேறு மருந்துகளின் விளைவை மிகுவிக்கும். இரத்தம் உறைதலைத் தடுக்கும் வார்ஃபரின், நீரிழிவுக்கான கிளிமிபிரைடு, கிளிபிசைடு ஆகியவற்றை உட்கொள்வோர், இரத்தக்கசிவுக்கோ சர்க்கரை திடீரெனக் குறைவதற்கோ ஆளாகலாம். உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.
• கணவருக்கு அறிகுறி இல்லையெனில் அவருக்குச் சிகிச்சை தேவையில்லை. ஆண்குறியில் சிவப்போ அரிப்போ இருந்தால் அவரும் மருத்துவரை அணுக வேண்டும்.
• யோனிக் களிம்புகள் சில எண்ணெய் கலந்தவை; அவை ஆணுறையை வலுவிழக்கச் செய்யும்.

உடனே மருத்துவரை அணுக வேண்டிய நிலைகள்

காய்ச்சல், அடிவயிற்று வலி, இரத்தம் கலந்த கசிவு, பிறப்புறுப்பில் புண் அல்லது கொப்புளம் ஆகியவை பூஞ்சைத் தொற்றின் இயல்பான அறிகுறிகள் அல்ல. இவற்றுள் ஏதேனும் தோன்றினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினாக்கள்

1. எனக்கு வந்திருப்பது பூஞ்சைத் தொற்றுதான் என்பது சோதனையில் உறுதியாகியுள்ளதா?
2. வளர்ப்புச் சோதனை தேவையா? அதில் பூஞ்சையின் வகையும் குறிப்பிடப்படுமா?
3. மருந்துணர்திறன் சோதனை இங்கேயே செய்யப்படுகிறதா, வேறு ஆய்வகத்துக்கு அனுப்பப்படுகிறதா?
4. எனக்கு இரத்தச் சர்க்கரைச் சோதனை செய்ய வேண்டுமா?
5. இம்மருந்தை எத்தனை நாட்கள் பயன்படுத்த வேண்டும்? குணமாகாவிடில் எப்போது மீண்டும் வர வேண்டும்?

வளர்ப்புச் சோதனைக்கு, மகப்பேறு மற்றும் மகளிர் நலப் பிரிவும் நுண்ணுயிரியல் ஆய்வகமும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம். முந்தைய அறிக்கைகளையும் மருந்துச் சீட்டுகளையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். எங்குச் செல்வது என்ற ஐயம் இருந்தால், தமிழ்நாட்டில் உள்ளோர் 104 என்னும் மருத்துவ ஆலோசனை எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

ஒரு முறை மருந்து பலனளிக்காவிடில் காரணத்தை மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டாம் முறையும் பலனளிக்காவிடில் மாதிரி எடுத்துச் சோதிக்குமாறு கோருங்கள். இத்தொற்றுக்குச் சிகிச்சை உண்டு. சரியான மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்குப் பூஞ்சையின் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.